குதிரை லாரிக்குள் ஒரு வீடு

காலைப் பார்த்து வையுங்க தம்பி. அந்தப் படி கொஞ்சம் ஆடும். நானே வெல்டிங் வைத்த படி. ஆடுமே தவிர விழாது. இரண்டு தடவை ஏறி இறங்கினால் எந்தப் பக்கம் ஆடும் என்று காலுக்கே தெரிந்துவிடும்.

தலை. தலையையும் பார்த்துக்கொள்ளுங்க. இடித்துக்கொண்டீங்களா? பரவாயில்லை, அங்கே இடிக்காதவர்கள் இல்லை. அந்தக் கம்பியில் ஒரு துண்டைச் சுற்றி வைத்திருந்தேன். குதிரைக்கு முதுகு துடைக்க வேண்டும் என்று துளசிமணி எடுத்துப் போய்விட்டாள். துளசிமணி என் வீட்டுக்காரி. அதோ கொட்டகையில் குதிரைக்குப் பக்கத்தில், நமக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாளே, அவள்தான். குதிரையின் பெயர் பவளம். இரண்டு பேரையும் கூப்பிட வேண்டாம். துளசிமணி என்னோடு பேசுவதில்லை. அதைப் பிறகு சொல்கிறேன்.

உட்காருங்க. அது கட்டில்தான். தூக்கி நிறுத்தினால் சாப்பாட்டு மேசை ஆகிவிடும். இப்போது தூக்க வேண்டாம், மறுபடி இறக்க இரண்டு ஆள் வேண்டும்.

விலையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சுற்றி வளைக்கிற பழக்கம் எனக்கு இல்லை. ஐந்து லட்சம். லாரிக்கு மூன்று, உள்ளே இருக்கிற வீட்டுக்கு இரண்டு.

எழுந்திருக்காதீங்க. தலை. பார்த்தீங்களா, விலையைக் கேட்டதும் எல்லாரும் எழுந்திருக்கிறார்கள். எல்லாரும் அதே கம்பியில் இடித்துக்கொள்கிறார்கள்.

நாளைக்குள் இந்த லாரி இந்த வாசலை விட்டுப் போயாக வேண்டும். போகாவிட்டால் பவளம் போய்விடும். விற்கிறவன் வாங்க வந்தவரிடம் இதைச் சொல்லக்கூடாது. முப்பது வருடம் கடை வைத்திருந்தவனுக்கு இது தெரியாதா? இருந்தாலும் நீங்க குதிரைக்காரர். உடுமலையில் இரண்டு குதிரை வைத்துக் கல்யாணத்துக்கு விடுவதாகப் போனில் சொன்னீங்க. உங்களிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது.

என்னைக் கவுந்தப்பாடியில் தெய்வசிகாமணி என்றால் யாருக்கும் தெரியாது. டைல்ஸ்காரர் என்றால் தெரியும். டைல்ஸ், பைப், குளியலறைச் சாமான்கள். இப்போது கடையை மகன் நவநீதன் பார்க்கிறான். கடையை அவன் கையில் கொடுத்ததும் அந்தியூர் ஆடிச் சந்தைக்குப் போய் இந்தக் குதிரையை வாங்கிவந்தேன். வாங்கின அன்று துளசிமணி என்ன சொன்னாள் தெரியுமா? "கல்யாண வயசுல சைக்கிள்ல வந்தீங்க. இப்ப எதுக்குங்க குதிரை?" என்றாள். ஒரு வாரம். ஒரே வாரத்தில் குதிரை அவள் பின்னாலேயே போக ஆரம்பித்தது. அவள் துணி காயப்போடப் போனால் அதுவும் போகும். நான் வாங்கினேன், அது அவளோடு போய்ச் சேர்ந்துகொண்டது.

கல்யாணத்தில் பவளம் நிற்கிற அழகை நீங்க பார்க்கவேண்டும். மேளம் காதைப் பிளக்கும், வெடி வெடிக்கும், டிரோன் கேமரா தலைக்கு மேலே வந்து ரீங்காரம் போடும். அது அசையாது. கழுத்தை நிமிர்த்தி, தாடையை உள்ளே இழுத்துக்கொண்டு, கல்லில் செதுக்கினது மாதிரி நிற்கும். மேலே உட்கார்ந்திருக்கிற மாப்பிள்ளைதான் நடுங்குவார்.

நம் தொழிலில் உள்ள தொந்தரவு உங்களுக்குத் தெரியும். மாப்பிள்ளை அழைப்பு சாயங்காலம். முகூர்த்தம் விடியற்காலை. இரண்டுக்கும் நடுவே குதிரைக்காரன் எங்கே படுப்பான்? மண்டபத்தில் யார் அவனுக்கு ரூம் கொடுக்கிறார்கள்? செருப்பு விடுகிற இடத்தில் ஜமுக்காளத்தை விரிக்க வேண்டியதுதான். ஒரு கல்யாணத்தில் என் தலைமாட்டில் இருந்த செருப்புகளை வைத்தே யார் யார் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினார்கள் என்று சொல்லியிருப்பேன். அப்போதுதான் நினைத்தேன், குதிரை ஏற்ற ஒரு லாரி வாங்குவது, அதற்குள்ளேயே நமக்கும் ஒரு வீடு கட்டிக்கொள்வது என்று.

லாரியைப் போன கார்த்திகையில் வாங்கினேன். பதினான்கு அடிப் பெட்டி. பின்னால் குதிரை ஏறச் சாய்வுப் பலகை. நல்ல லாரி. மார்கழியில் கல்யாணம் கிடையாது, கையில் வேலை இல்லை, கட்டிவிட்டேன். ஆசாரி இல்லை, கொத்தனார் இல்லை. எல்லாம் இந்தக் கைதான்.

முன்பக்கம் நமக்கு, பின்பக்கம் பவளத்துக்கு. நடுவில் ஒரு சுவர். சுவரை எங்கே வைப்பது? அதற்குக் குதிரையை அளக்கவேண்டும். டேப்பை எடுத்துக்கொண்டு போனேன். டைல்ஸ்காரன் அளவு தம்பி, நூல் பிசகாது. டேப்பை நீட்டினதும் பவளத்துக்குக் கேமராக்காரர் ஞாபகம் வந்துவிட்டது போல. கழுத்தைத் தூக்கி, தாடையை இழுத்துக்கொண்டு நின்றது. அளந்தேன். ஏழு அடிக்கு உள்ளேதான் வந்தது. பதினான்கில் சரிபாதி. எவ்வளவு நியாயமான பங்கு பாருங்க.

துளசிமணி பக்கத்தில் தவிட்டு வாளியோடு நின்றிருந்தாள். "அது தின்னும்போது அளங்க. இப்ப அது கல்யாணத்துக்கு நிக்குது," என்றாள்.

"லாரி ஓடும்போது அது எதுக்குத் தின்னணும்?" என்றேன்.

அவள் வாளியைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். நான் சொல்வது சரி என்று பட்டால் அவள் அப்படித்தான் போவாள்.

இந்தச் சுவரைப் பாருங்க. தட்டிப் பாருங்க. நல்ல பிளைவுட். அதன்மேல் அருவி. பதினாறு டைல்ஸ் சேர்ந்தால் ஒரு அருவி. கடையில் ஏழு வருடமாக விற்காமல் இருந்தது, எனக்காகவே காத்திருந்தது போல. ஒரே ஒரு டைல் மட்டும் உடைந்துவிட்டது. அந்த இடத்தில் கத்திரிக்காய் படம் போட்ட சமையலறை டைல் ஒன்றைப் பதித்தேன். அருவியில் ஒரு கத்திரிக்காய் இறங்கி வருவது மாதிரி இருக்கும். தள்ளி நின்று பார்த்தால் தெரியாது. இங்கே தள்ளி நிற்க இடம் இல்லை, அது வேறு விஷயம்.

இது அடுப்பு மேடை. இது தொட்டி. அந்தக் கதவுக்குப் பின்னால் குளியலறை. உள்ளே வெஸ்டர்ன் டாய்லெட். கடையில் காட்சிக்கு வைத்திருந்த உருப்படி. ஒருவரும் உட்கார்ந்தது கிடையாது, கை மட்டும்தான் பட்டிருக்கிறது. கூரைமேல் தண்ணீர்த் தொட்டி. பிரேக் போட்டால் கொஞ்சம் தண்ணீர் கட்டிலில் விழும். பிரேக் போடாமல் ஓட்டினால் ஒரு சொட்டு விழாது.

என்ன கேட்டீங்க? குதிரை ஏறுமா என்றா?

வந்தவர்களில் இதை முதலில் கேட்டது நீங்கள்தான். குதிரைக்காரர் என்பது சரியாக இருக்கிறது.

ஏறும். ஏறியது. தை மாதம் பெருந்துறையில் முதல் கல்யாணம். சாய்வுப் பலகையில் பவளம் மகாராணி மாதிரி ஏறியது. உள்ளே போய் நின்றது. பிறகு நம்மைப் போல அதுவும் கழுத்தைத் தளர்த்தி முன்னால் நீட்டியது. மூக்கு சுவரில் மோதியது. அந்தப் பக்கம் அருவி ஆடியது. அவ்வளவுதான், வந்த வேகத்தில் பின்னாலேயே இறங்கிவிட்டது. வெல்லம் காட்டினேன். கேரட் காட்டினேன். பலகையில் ஒரு காலை வைக்கும், உள்ளே எட்டிப் பார்க்கும், காலை எடுத்துக்கொள்ளும். துளசிமணி அதன் கழுத்தைத் தட்டிக்கொடுத்து, "உனக்கு எடம் பத்தலையாடி கண்ணு," என்று எனக்குக் கேட்கிற மாதிரி கேட்டாள். இடம் இருக்கிறது தம்பி. அளந்தே வைத்திருக்கிறேன். கல்யாணத்தில் நிற்கிற மாதிரி லாரியிலும் நின்றால் மூக்குக்கும் சுவருக்கும் நடுவே இரண்டு விரல் போகும். குதிரைக்குப் பிடிவாதம். அதற்கு நான் என்ன செய்ய முடியும்.

கல்யாணத்துக்கு நேரமாகிவிட்டது. என்ன செய்வது? ஒரு குட்டியானை வண்டியை வாடகைக்குப் பிடித்து அதில் பவளத்தை ஏற்றினோம். அது அதில் ஏறிவிட்டது. கூரை இல்லை, சுவர் இல்லை, டிரைவர் தலைக்கு மேலே கழுத்தை நீட்டிக்கொண்டு போனது. துளசிமணியும் அதில் ஏறி, கூடவே நின்றுகொண்டாள். இங்கே மெத்தை போட்ட கட்டில் இருக்கிறது, அதை விட்டுவிட்டு அங்கே கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவளுக்கு வேடிக்கை பார்க்கப் பிடிக்கும்.

நான் லாரியில் தனியாகப் போனேன். அவர்கள் வழியில் குதிரைக்குத் தண்ணீர் காட்ட நின்றுவிட்டார்கள். நான் முதலில் மண்டபத்துக்குப் போய்விட்டேன். சரி, அவர்கள் வருவதற்குள் பல் தேய்த்து, லுங்கி மாற்றி, தயாராக இருப்போம் என்று, காலியாகக் கிடந்த குதிரைப் பகுதிக்குள் பக்கக் கதவு வழியாக ஏறிக்கொண்டேன். பார்த்தால் வெளியே ஒரே மேளச் சத்தம். லாரியின் மேல் குதிரைப் படம் வரைந்திருக்கிறது இல்லையா, குதிரை வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டார்கள். நாதஸ்வரம், கேமரா, ஆரத்தித் தட்டோடு ஐந்தாறு பெண்கள், கோட்டு போட்ட மாப்பிள்ளை, எல்லாரும் பின்னால் வந்து வரிசையாக நின்றுவிட்டார்கள். யாரோ ஒரு புண்ணியவான் கொக்கியை எடுத்துவிட்டான். பலகை இறங்கியது. வாயில் பிரஷ்ஷோடு நான் நின்றேன்.

ஆரத்தி எடுத்த அம்மாவைக் குறை சொல்லக்கூடாது. ஆரத்தித் தட்டை ஏற்கெனவே சுற்ற ஆரம்பித்துவிட்டார். ஒரு முழுச் சுற்று எனக்குத்தான் கிடைத்தது. கல்யாண வீடியோவில் அது இருக்கிறதாம். மாப்பிள்ளை ஊரில் இன்னமும் போட்டுப் பார்க்கிறார்களாம். இதெல்லாம் லாரிக்கு விளம்பரம்தானே.

அப்படியே தையிலிருந்து ஆனி வரை. முன்னால் குட்டியானை, அதில் குதிரையும் என் வீட்டுக்காரியும். பின்னால் குதிரை லாரி, அதில் நான் மட்டும். வழியில் டீக்கடையில் கேட்பார்கள், "ஏனுங்க, இது குதிரை லாரிதானுங்களே, குதிரை எங்கீங்க?" என்று. "முன்னாடி போவுது," என்பேன். சிரிப்பார்கள். எதற்குச் சிரிக்கிறார்கள் என்று நான் கேட்டுக்கொண்டதில்லை.

துளசிமணி ஒரு தடவைகூட இந்தக் கட்டிலில் படுக்கவில்லை. மண்டபத்துக்கு வெளியே ஒரு வேப்பமரமோ புங்கமரமோ பார்த்து, பவளத்தைக் கட்டி, பக்கத்தில் பாயை விரித்துவிடுவாள். "உள்ள வந்து படு, ஃபேன் இருக்குது," என்று கூப்பிடுவேன். "நீங்க நல்லா நீட்டிப் படுங்க. எங்களுக்குத்தான் அளவு பத்தாது," என்பாள். அவளுக்கு வெளிக்காற்றுதான் பிரியம்.

ஆனிக் கடைசியில் நவநீதன் எங்கள் இரண்டு பேரையும் உட்காரவைத்துப் பேசினான். படித்த பையன், ஆனால் சொல்வதைச் சுருக்கமாகச் சொல்லத் தெரியாது. "அப்பா, குதிரை லாரியில குதிரை போகலை. குதிரை போற வண்டிக்கு வாடகை. குதிரை போகாத வண்டிக்கு டீசல். பவளம் சம்பாதிச்சதெல்லாம் ரெண்டு வண்டியும் குடிச்சிருச்சு. இனி ஆடி. ஆவணி வரைக்கும் கல்யாணமும் இல்லை. டைல்ஸ் லோடு எறக்க வாசல்ல எடமும் இல்லை. ரெண்டுல ஒண்ணுதான் இங்க நிக்கும். லாரியா குதிரையான்னு நீங்களே முடிவு பண்ணுங்க," என்றான். திருப்பூர்ப் பக்கம் புதிதாக ஒரு ரிசார்ட் கட்டியிருக்கிறார்களாம். நீச்சல் குளத்தைச் சுற்றிச் சின்னப் பிள்ளைகளை வைத்து ஓட்ட ஒரு சாதுவான குதிரை கேட்டார்களாம். ஆடி முடிவதற்குள் லாரி போகாவிட்டால் அவர்களுக்குப் பவளத்தைக் கொடுத்துவிடுவது என்றான்.

துளசிமணி என் முகத்தைப் பார்த்தாள். நான் என்ன சொன்னேன்? "யோசிக்கலாம்," என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். யோசிக்கிறது ஒரு குற்றமா?

அன்றிலிருந்து என்னோடு பேச்சில்லை. ஆனால் வீட்டில் சண்டை எதுவும் கிடையாது. சொல்ல வேண்டியதைப் பவளத்திடம் சொல்லிவிடுவாள். "பவளம், உங்கய்யன்கிட்டச் சொல்லு, சோறு ஆறுது." "பவளம், உங்கய்யன் சட்டையில பொத்தான் போயிருச்சு, கழட்டிப் போடச் சொல்லு." நானும் பதிலை அதனிடமே சொல்லிவிடுவேன். எல்லாம் ஒழுங்காக நடக்கிறது. பவளத்துக்குத்தான் இரண்டு பேர் பேச்சையும் கேட்டுக் கொஞ்சம் களைப்பு.

நானும் சும்மா இருக்கவில்லை தம்பி. மறுநாளே லாரியைப் படம் எடுத்துப் போனில் விளம்பரம் போட்டேன். பவளம் எனக்கு மகள் மாதிரி. அதற்காக லாரியை அடிமாட்டு விலைக்கா கொடுக்க முடியும்?

முதலில் தாராபுரத்திலிருந்து ஒருவர் வந்தார். குதிரை வியாபாரி. ஏறினார், இடித்துக்கொண்டார், சுவரைத் தட்டினார், மேடையைத் தட்டினார், அருவியைத் தட்டினார். "வெறும் லாரின்னா ரெண்டு எண்பது தருவேனுங்க," என்றார். சரி, இனி வீட்டுக்கு எவ்வளவு சொல்வார் என்று காத்திருக்கிறேன். "உள்ள இருக்கறதை இடிச்சு அள்ள இருபதாயிரம் ஆகும். அதைக் கழிச்சு ரெண்டு அறுபது," என்றார். கழித்து. கேட்டீங்களா? நான் வீட்டுக்குக் கூட்டச் சொன்னால் அவர் கழிக்கிறார். ஒரு வீடு கட்டி, அதற்கு டைல்ஸ் ஒட்டி, டாய்லெட் வைத்து, அதனாலேயே விலை குறைகிறது என்று ஒரு மனிதர் வாய் கூசாமல் சொன்னால் என்ன செய்வீங்க? காப்பிகூடக் கொடுக்காமல் அனுப்பினேன். துளசிமணி வாசல் வரை போய் அவருக்கு மோர் கொடுத்தாளாம். அது பிறகுதான் எனக்குத் தெரியும்.

அடுத்தவர் கோபியில் ஒரு சமையல் கான்ட்ராக்டர். நல்ல ஆகிருதி. அவருக்கு லாரி வேண்டாம், கட்டில் வேண்டாம், டாய்லெட் மட்டும் வேண்டும். பெரிய இடத்துக் கல்யாணங்களில் மண்டபத்துக்கு வெளியே நிறுத்தி வைக்கலாமாம். "உள்ளே போய்ப் பாருங்க," என்றேன். போனார். தாழ்ப்பாள் மாட்டிக்கொண்டது. கதவை உடைத்தால் யாருக்கு நஷ்டம்? அதனால் காற்றுக்கு வைத்திருக்கிற அந்தச் சின்ன ஜன்னல் வழியாக அவரை வெளியே இழுத்தோம். நான் ஒரு கை, நவநீதன் ஒரு கை. பாதி வெளியே வந்து நின்றுவிட்டார். அந்த நேரத்தில் விலையைச் சொன்னேன், மறுத்து ஒரு வார்த்தை பேசவில்லை. முழுக்க வெளியே வந்த பிறகுதான் பேசினார். அதை உங்களிடம் சொல்லக்கூடாது.

மூன்றாவதாகச் சென்னையிலிருந்து ஒரு சின்ன ஜோடி. ஊர் ஊராகச் சுற்றி வீடியோ போடுகிறவர்கள். அவர்களுக்கு எல்லாமே பிடித்தது. கத்திரிக்காயைக்கூடப் படம் எடுத்தார்கள். அந்தப் பெண் மட்டும் மூக்கைச் சுருக்கி, "அங்கிள், குதிரை வாசனை வருதே," என்றாள். எனக்குப் பொய் சொல்ல வராது. "குதிரை இதுல போனதே இல்லையேம்மா," என்றேன். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். குதிரை இல்லை என்றால் இது யாருடைய வாசனை என்று கேட்கிற பார்வை. தொட்டித் தண்ணீர் போகிற பைப் கட்டிலுக்கு அடியில் முடிகிறது, அதுதான். ஒரு வாளி வைத்தால் தீர்ந்தது. சொல்வதற்குள் போய்விட்டார்கள்.

இவர்களுக்கெல்லாம் ஒரு அடிப்படை தெரியவில்லை. வண்டி இருக்கிறதே, வாங்கின நாளிலிருந்து விலை இறங்கும். வீடு இருக்கிறதே, கட்டின நாளிலிருந்து ஏறும். இது இரண்டும் சேர்ந்தது. வண்டி இறங்கினால் வீடு ஏறி அதைத் தூக்கிப் பிடித்துக்கொள்ளும். இதை நவநீதனிடம் சொன்னேன். "அப்பா, நிலம் இருந்தாத்தான் வீட்டுக்கு விலை ஏறும்," என்றான். நிலம்தானே, லாரியை நிறுத்துகிற இடமெல்லாம் நிலம்தான் என்றேன். அவனுக்கும் சரி என்று பட்டிருக்கும், கடைக்குப் போய்விட்டான்.

இன்று வியாழன். நாளையோடு ஆடி முடிகிறது, காலையில் திருப்பூர்க்காரர்கள் வருகிறார்கள். இப்போது சொல்லுங்க தம்பி. உங்கள் விலை என்ன?

ரெண்டே முக்காலா?

உள்ளதை உள்ளபடி எடுத்துக்கொண்டு, கையில் ரெண்டே முக்கால். உடைக்கிற வேலையை உங்கள் ஆட்களே பார்த்துக்கொள்வார்கள். உடைக்கிற வேலை என்று நீங்களும் சொல்கிறீங்க பாருங்க. இவ்வளவு நேரம் கேட்டுக்கொண்டிருந்த மனிதர், நீங்க வித்தியாசமானவர் என்று நினைத்தேன்.

இல்லை தம்பி. முடியாது. டைல்ஸ் விலையே வரவில்லை. போய்விட்டு வாங்க. படியைப் பார்த்து இறங்குங்க.

பொறுங்க. கொஞ்சம் பொறுங்க. இந்த ஜன்னல் வழியாகப் பாருங்க. துளசிமணி என்ன செய்கிறாள்? பவளத்தின் சலங்கையைக் கழற்றுகிறாளா? எதற்குக் கழற்றுகிறாள்? ஒவ்வொன்றாகத் துடைத்துத் துணியில் வைக்கிறாள். கல்யாணத்துக்கு அதன் தலையில் வைக்கிற இறகுப் பூவையும் எடுத்துவிட்டாள். நாளைக்குத்தானே வருகிறார்கள், இன்றைக்கே எதற்கு? ரிசார்ட்காரர்கள் சலங்கை கேட்கவில்லையே.

பவளம் கழுத்தைத் தாழ்த்தி அவள் தோளில் மோவாயை வைத்திருக்கிறது. எவ்வளவு நீளம் பாருங்க அந்தக் கழுத்து.

சரி. உட்காருங்க தம்பி. ரெண்டே முக்காலே இருக்கட்டும். ஆனால் ஒரு நிபந்தனை. மொத்தமாகச் சொல்லாதீங்க. பிரித்துச் சொல்லுங்க. லாரிக்கு ஒன்றே முக்கால், வீட்டுக்கு ஒன்று. உங்களுக்கு ஒரு பைசா கூடுதல் இல்லை. வீட்டுக்கு ஒரு லட்சம் என்று அவள் காதில் விழுகிற மாதிரி இந்த ஜன்னலில் நின்று ஒரு தடவை சொல்லுங்க. போதும்.

நல்லது. சத்தமாகவே சொன்னீங்க. அவளுக்குக் கேட்டிருக்கும். திரும்பிப் பார்க்கிறாள். குதிரையைப் பிடித்துக்கொண்டு இந்தப் பக்கம்தான் வருகிறாள். நீங்க பேசாமல் இருங்க, அவள் பவளத்திடம்தான் பேசுவாள். காது கொடுத்துக் கேளுங்க.

என்ன சொன்னாள் கேட்டீங்களா? "பவளம், நம்ம லாரி வெறும் ஒண்ணே முக்காலுக்குப் போவுதாம். தாராபுரத்தாரு வெறும் லாரிக்கே ரெண்டு எண்பது சொன்னாரு. உங்கய்யன் ஒரு லட்சத்துக்கு மேல ஏமாந்துட்டாரே," என்கிறாள்.

பவளம், உங்கம்மாகிட்டச் சொல்லு, நான் ஏமாறவில்லை. லாரிக்கு ரெண்டேகால். வீட்டுக்கு ஐம்பதாயிரம்.

"இன்னும் ஐம்பத்தஞ்சாயிரம் கொறையுதே பவளம்," என்கிறாள்.

சரி, லாரிக்கு ரெண்டு எழுபது. வீட்டுக்கு ஐயாயிரம்.

"தாராபுரத்தாரைப் போன்ல கூப்பிடலாமா கேளு பவளம். மோர் குடிக்கும்போது நம்பர் கொடுத்துட்டுத்தான் போனாரு," என்கிறாள். விடமாட்டாள் தம்பி. கடையில் நான் உட்கார்ந்திருந்தேனே தவிர, வியாபாரம் இவள் செய்திருக்க வேண்டும்.

ஆகட்டும். அவள் சொல்கிற கணக்கையே வைத்துக்கொள்வோம். லாரிக்கு ரெண்டு எண்பது. நீங்க கொடுப்பது ரெண்டே முக்கால். அப்படியானால் வீட்டுக்கு... ஐயாயிரம் கழிகிறது. நீங்களும் கழிக்கத்தான் செய்கிறீங்க.

இருங்க, சாவியைத் தருகிறேன், அவசரப்படாதீங்க. ஒரு நிமிஷம் யோசித்துக்கொள்கிறேன். தாராபுரத்தார் வந்தபோது இதே வீட்டுக்கு எவ்வளவு கழித்தார்? இருபதாயிரம். அது ஆடி பிறந்த புதிதில். இன்றைக்கு நீங்க கழிப்பது எவ்வளவு? ஐந்துதான். அதே சுவர், அதே டாய்லெட், அதே அருவி. நான் ஒரு ஆணிகூடப் புதிதாக அடிக்கவில்லை. ஒரே மாதத்தில் பதினைந்தாயிரம் ஏறியிருக்கிறது.

பவளம், உங்கம்மாகிட்ட இதைச் சொல்லு. அவள் சிரிக்கட்டும், பரவாயில்லை.

கல்யாணமே இல்லாத ஆடியில் இந்த ஏற்றம் என்றால் ஆவணியில் இது எங்கே போய் நிற்கும் என்று நீங்களே நினைத்துப் பாருங்க. இந்தக் குதிரை ஒன்று இல்லாவிட்டால் இரண்டு மாதம் கையில் பிடித்து வைத்திருப்பேன். நல்ல நேரத்தில் வந்தீங்க தம்பி. இந்தாங்க சாவி. போகிற வழியில் பிரேக் மட்டும் போடாதீங்க.